உள்ளூர்ச் சாதனையாளர் விருது விழா: மேடைக்கு முந்தைய நான்கு மாதங்கள்

விருது விழா நடத்தலாம் என்று முடிவானதும் முதல் வேலையாக மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். அடுத்தது சிறப்பு விருந்தினர். அவர் தேதி கொடுத்ததும் அழைப்பிதழ். விருது யாருக்கு என்ற பேச்சு கடைசிப் பதினைந்து நாளில்தான் வருகிறது. அந்த அவசரத்தில் யார் பெயர் நினைவுக்கு வரும்? ஏற்கெனவே நாலு மேடை ஏறியவர்கள், நன்கொடை கொடுத்தவர்கள், கமிட்டிக்காரர்களின் சொந்தக்காரர்கள். ஆண்டு விழா என்று தொடங்கி இரண்டாம் ஆண்டோடு நின்றுபோகும் விருதுகள் பெரும்பாலும் இப்படித்தான் நிற்கின்றன. ஊர் அவற்றை நம்புவதில்லை.

வேலூர் வட்டாரத்தில் இத்தகைய விழாக்களின் உள்வேலையைத் தெரிந்தவர்களாக நாங்கள் சொல்வது இதுதான்: நான்கு மாத அவகாசம் வையுங்கள். இரண்டு மாதம் தேடலுக்கும் சரிபார்ப்புக்கும், ஒரு மாதம் எழுத்துக்கு, கடைசி மாதம் மேடைக்கும் சாப்பாட்டுக்கும். மண்டபத்தை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம், தவறில்லை. ஆனால் குழுவின் உழைப்பு போக வேண்டிய இடம் தேடல்.

யார் நம்ம ஊர்க்காரர்

முதல் கூட்டத்திலேயே எழுத்தில் முடிவு செய்ய வேண்டியது இது. பழைய வட ஆர்க்காடு மாவட்டம் 1989-ல் இரண்டாகப் பிரிந்தது. வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடும் வாலாஜாவும் இன்று ராணிப்பேட்டை மாவட்டம், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம். ஆனாலும் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் கோர்ட்டுக்கும் வேலூர் வந்து பழகிய ஜனங்கள் தங்களை வெளியூர் என்று நினைப்பதில்லை. எல்லையை எழுதி வைக்காவிட்டால் கடைசி வாரத்தில், "அவர் நம்ம மாவட்டமே இல்லையே" என்று ஒருவர் எழுந்து நிற்பார்.

பிறந்த ஊரை அளவுகோலாக வைத்தால் விருதுகள் சென்னையிலும் துபாயிலும் வசதியாக இருப்பவர்களுக்குப் போய்ச் சேரும். வேலை நடந்த இடத்தை அளவுகோலாக வையுங்கள். 1870-ல் ராணிப்பேட்டையில் அமெரிக்க மிஷனரி குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர், 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. அந்த வழியில் இன்றும் எங்கிருந்தோ வந்து, பணிக்காலம் முழுவதும் இங்கேயே கழிக்கும் செவிலியர்களும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். "இந்த மூன்று மாவட்டங்களில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து நடந்த பணி" என்று ஒரு வரி எழுதிக்கொண்டால் பாதிச் சண்டை தீரும்.

உலகறிந்தவர்களுக்கு இன்னொரு கேடயம் தேவையில்லை என்பதும் எங்கள் கருத்து. சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்குதலில் தங்கம் வாங்கியவர். அர்ஜுனா விருதும் பெற்றவர். அவரை விழாவுக்கு அழைத்துப் பேச வைப்பது பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் உள்ளூர் விருது தேட வேண்டியது, விடியற்காலை ஐந்து மணிக்கு உடற்பயிற்சிக் கூடத்தைத் திறந்து பத்துப் பதினைந்து பையன்களுக்கும் பெண்களுக்கும் காசு வாங்காமல் பார்பெல் பிடிக்கக் கற்றுக்கொடுப்பவரை. அவர் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வராது. நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

தேடுவது எப்படி

பரிந்துரைப் படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. பரிந்துரைக்கப்படுபவரின் பெயர், ஊர், தொலைபேசி எண், அவர் செய்வது என்ன, எத்தனை ஆண்டுகளாக, இதை நேரில் பார்த்த இரண்டு பேரின் பெயரும் எண்ணும். கடைசியாக ஒரு கேள்வி: "இவர் இதைச் செய்யாமல் இருந்திருந்தால் உங்கள் ஊரில் என்ன நடந்திருக்காது?" இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலிலேயே முக்கால்வாசி தெரிந்துவிடும். "பல நல்ல காரியங்கள் நடந்திருக்காது" என்று எழுதியிருந்தால், எழுதியவருக்கே தெரியவில்லை என்று பொருள். "எங்க தெருவுல மூணு பொண்ணுங்க பிளஸ் டூவுக்குப் போயிருக்க மாட்டாங்க" என்று இருந்தால் உடனே கிளம்பிப் போங்கள்.

படிவத்தை இணையத்தில் மட்டும் போட்டால் ஊருக்குள் இருந்து எதுவும் வராது. நூலகம், ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம், டீக்கடை ஆகிய இடங்களில் அச்சிட்ட தாளை வைத்து, எழுதத் தயங்குபவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பலாம் என்று ஒரு எண்ணைக் கொடுங்கள். குரல் பதிவுகளைக் கேட்டு எழுதிக்கொள்ள இரண்டு கல்லூரி மாணவர்கள் போதும். பேரணாம்பட்டு, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் உருது பேசும் குடும்பங்கள் நிறைய. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் வீட்டில் தெலுங்கு பேசுபவர்களும் உண்டு. அந்தக் குரல் பதிவுகளைப் புரிந்துகொள்ள ஆள் இல்லாவிட்டால் அந்த ஊர்கள் உங்கள் பட்டியலில் இல்லாமலே போய்விடும்.

படிவம் தானாக வரும் என்று காத்திருக்காமல் கேட்டு வாங்க வேண்டியவர்கள் சிலர் உண்டு. கிராம சுகாதார செவிலியர், தபால்காரர், லைன்மேன், தலைமை ஆசிரியர், நூலகர். இவர்கள் தினமும் வீடு வீடாகவோ தெருத் தெருவாகவோ போகிறவர்கள், அல்லது ஊரே இவர்களிடம் வந்து போகிறது. யார் உண்மையில் உழைக்கிறார், யார் படம் எடுத்துக்கொள்கிறார் என்பது இவர்களுக்குத் தெரியும்.

சரிபார்ப்புக்கு இரண்டு பேராகப் போங்கள். பரிந்துரைக்கப்பட்டவரின் வீட்டுக்கு முதலில் போகாதீர்கள். அந்த ஊர் டீக்கடை, பால் சொசைட்டி, பள்ளிக்கூடம், பிறகுதான் வீடு. பயன் பெற்றவர் ஒருவரிடமும், அவரோடு ஒத்துப்போகாதவர் ஒருவரிடமும் பேச வேண்டும். குறை சொல்பவரும், "ஆனா ஒண்ணு, அந்த விஷயத்துல ஆளு சுத்தம்" என்று சொன்னால் அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

எண்களைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரத்த தானம் 60 முறை செய்தேன் என்று ஒருவர் சொன்னால், ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறைதான் கொடுக்கலாம். ஆண்டுக்கு 4 முறை. அப்படியானால் குறைந்தது 15 ஆண்டுகள் விடாமல் கொடுத்திருக்க வேண்டும். பெண்களுக்கு இடைவெளி 120 நாள், ஆண்டுக்கு 3 முறை. கொடையாளர் அட்டைகளைக் கேட்டால் கோபித்துக்கொள்ளாமல் எடுத்துக் காட்டுபவர்தான் உண்மையில் கொடுத்தவர். மரம் நட்டவர் என்றால் நட்ட கணக்கு வேண்டாம். இரண்டு கோடை தாண்டி உயிரோடு நிற்பவை எத்தனை என்று நடந்து எண்ணுங்கள். வேலூர் வெயிலில் தண்ணீர் ஊற்றாத கன்று முதல் மே மாதத்தைத் தாண்டாது. விதை காத்த விவசாயி என்றால் வயலில் நின்று பாருங்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரி 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பிறகு அந்தப் பெயரைச் சொல்பவர்கள் அதிகம். குறியீடு வருவதற்கு முன்பும் தன் தோட்டத்து முற்றிய காயிலிருந்து விதை எடுத்து, சாம்பலில் கலந்து வைத்து, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தவர் யார் என்பதே கேள்வி.

நடுவர் குழுவில் ஐந்து பேர் போதும். இரண்டு பேராவது வெளியூர், ஒருவராவது 30 வயதுக்குள். பெரிய நன்கொடையாளர் யாரும் நடுவராகக் கூடாது. உறவு, கூட்டுத் தொழில் இருந்தால் அந்தப் பெயர் பேசப்படும்போது எழுந்து வெளியே போக வேண்டும், வாக்களிக்காமல் உட்கார்ந்திருப்பது போதாது. முகத்துக்கு நேரே யாரும் உண்மை பேச மாட்டார்கள். மதிப்பெண் போடுவது பட்டியலை 20 பேராகக் குறைக்க உதவும். அதற்குப் பிறகு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். மொத்தம் எட்டு விருது. பத்தைத் தாண்டினால் விழா தாங்காது. ஒரு பிரிவுக்குத் தகுதியானவர் கிடைக்காத ஆண்டில் அந்தப் பிரிவைக் காலியாக விடுங்கள். அப்படிக் காலியாக விட்டதை ஊர் கவனிக்கும், மறு ஆண்டு படிவங்கள் கூடுதல் பொறுப்போடு வரும்.

தேர்வானவரிடம் சம்மதம் கேட்பது சடங்கல்ல. சிலருக்கு மேடை வேண்டாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காப்பாற்றுபவரின் முகமும் ஊரும் வெளியே தெரிந்தால் அவருக்கே ஆபத்து. தொழுநோய்ச் சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் பெயர்பெற்ற கரிகிரி நம் பக்கத்தில்தான் இருக்கிறது. நோயிலிருந்து மீண்டவர்களும் மறுவாழ்வுப் பணியில் இருப்பவர்களும் இந்த வட்டாரத்தில் உண்டு. அவர்களில் ஒருவர், "என் பழைய நோயைப் பற்றிச் சொல்லாதீங்க" என்றால் அந்த ஒரு வரி இல்லாமல்தான் பாராட்டுரை எழுத வேண்டும். வேண்டாம் என்றவருக்குப் பெயர் வெளியிடாமல் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வரலாம்.

பாராட்டுப் பத்திரம்

விழாவில் எது மிஞ்சும் என்று எங்களைக் கேட்டால் இதைத்தான் சொல்வோம். ஷீல்டில் தூசி படியும், சால்வை பீரோவுக்குள் போகும். பாராட்டுப் பத்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள், பேரப்பிள்ளை படிக்கும். அதனால் அதை டி.டி.பி. கடையில் இருக்கும் பழைய மாதிரியை வைத்து நிரப்புவது பெரிய துரோகம்.

தெருக்கூத்து வாத்தியார் ஒருவருக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வழக்கமாக வருவது: "கலைக்காகத் தன்னையே அர்ப்பணித்து, தன்னலம் கருதாது தொண்டாற்றிவரும் கலைச்செம்மலே!" இதில் அவர் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். இப்படி எழுதிப் பாருங்கள்: "முப்பது ஆண்டுகளாகத் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் துரியோதனன் வேடம் கட்டுகிறார். இரவு பத்து மணிக்குப் போட்ட கிரீடத்தை, துரியோதனன் வீழும் படுகளம் முடிந்த பிறகுதான் இறக்குவார். கூத்து இல்லாத மாதங்களில் செங்கல் சூளை வேலைக்குப் போய், அந்தக் கூலியில் தன் கூத்துச் செட்டின் (குழுவின்) தோள் அணிகளான புஜகீர்த்திகளைப் புதுப்பித்தார். இவரிடம் அடவு படித்த பன்னிரண்டு பேர் இன்று நான்கு செட்டுகளில் ஆடுகிறார்கள். அதில் இரண்டு பேர் பெண்கள்." இதை வேறு யாருக்கும் வாசிக்க முடியாது. பெயரடைகள் இல்லாமலே சபை எழுந்து நிற்கும்.

நீளம் 90 முதல் 110 சொற்கள். மேடையில் நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். எழுதி முடித்ததும் விருது பெறுபவரிடமே வாசித்துக் காட்டுங்கள். ஆண்டு தப்பாக இருக்கும், ஊர்ப் பெயர் தப்பாக இருக்கும், தனியாகச் செய்ததாக நாம் எழுதியதை, "என் வீட்டுக்காரியும் சேர்ந்துதான் செஞ்சா" என்று திருத்துவார். அந்தத் திருத்தம் கட்டாயம் உள்ளே போக வேண்டும்.

பெயர் விஷயத்தில் யாரையும் நம்பாதீர்கள், ஆதார் அட்டையைக்கூட. அவர் கையெழுத்துப் போடுவது போல அவரையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி, அதைப் படம் எடுத்து ஷீல்டு செய்பவருக்கு அனுப்புங்கள். இனிஷியல் தமிழிலா ஆங்கிலத்திலா, முன்னாலா பின்னாலா என்பதை அவரே சொல்லட்டும். முஸ்லிம் பெயர்களிலும் கிறிஸ்தவப் பெயர்களிலும் ஒரே பெயரை மூன்று விதமாக எழுதுவார்கள். வேலை தொடங்கும் முன் ஷீல்டின் மாதிரிப் படத்தைப் பார்த்து, "சரி" என்று இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். லேசரில் வெட்டிய பிறகு திருத்த வழியில்லை. இந்த வேலையை விழாவுக்கு 12 நாள் முன்பே முடித்தால், ஒன்று தப்பினாலும் மறுபடி செய்ய நேரம் இருக்கும்.

ஷீல்டு பெரிதாக இருக்க வேண்டும் என்ற ஆசை வேண்டாம். இரண்டடி உயர அக்ரிலிக்கை வைக்க எத்தனை வீட்டில் இடம் இருக்கிறது? ஏ4 அளவு பாராட்டுப் பத்திரம் மரச்சட்டத்தில், கூடவே கை அளவுக்கு ஒரு நினைவுப் பரிசு. பண முடிப்பு கொடுப்பதானால் எல்லோருக்கும் ஒரே தொகை. மருத்துவருக்கு அதிகம், தூய்மைப் பணியாளருக்குக் குறைவு என்று வைத்தால் அங்கேயே விருது செத்தது. காசோலையில் எழுதும் பெயர் வங்கிக் கணக்கில் இருப்பது, பத்திரத்தில் எழுதும் பெயர் அவர் அழைக்கப்படுவது. இரண்டும் வேறாக இருக்கலாம், தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

பொன்னாடை என்று பளபளக்கும் பாலியஸ்டர் சால்வை வாங்குவதை நிறுத்தலாம். குடியாத்தத்தில் தறி ஓடுகிறது. நல்ல கைத்தறித் துண்டு போர்த்தினால் அவர் நாளைக்கும் தோளில் போட்டுக்கொண்டு போவார்.

கூட்டாகச் செய்த வேலை

தனி ஆளுக்கு விருது கொடுப்பது எளிது. ஊரில் நடக்கும் பெரிய காரியங்கள் பலவும் கூட்டாக நடந்தவை. கணியம்பாடி ஒன்றியத்தில் நாகநதியை மீட்க நூறு நாள் வேலைத் திட்டத்தில் நீர் செறிவூட்டும் கிணறுகளையும் கல் தடுப்புகளையும் கட்டியவர்கள் ஊர்ப் பெண்கள். இப்படி ஒரு குழுவுக்கு விருது என்றால் தலைவியை மட்டும் மேடையேற்றிப் படம் எடுத்து அனுப்பக் கூடாது. ஒரு ஊரிலிருந்து இருபது பேர் என்றால் இருபது பேரும் மேடைக்கு வர வேண்டும், இருபது பேர் பெயரும் வாசிக்கப்பட வேண்டும். நிதானமாக வாசித்தாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பத்திரம், ஊராட்சி அலுவலகத்தில் மாட்ட ஒரு பெரிய பத்திரம். ஷீல்டு ஒன்றே ஒன்று கொடுத்தால் அது யார் வீட்டில் இருப்பது என்று குழுவே உடையும்.

தேதி

மே மாதம் வேலூரில் மாலை ஆறு மணிக்கும் மண்டபச் சுவர் சுடும். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் பாதி வரை மழை. 2021 நவம்பரில் பாலாறு எப்படி ஓடியது என்று எல்லோரும் பார்த்தோம். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில் மண்டபம் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் மண்டபம் காலியாக இருக்கும், பேரம் பேசலாம். மார்கழியின் முதல் பாதியில் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு வரும். அதனால் எங்கள் பரிந்துரை ஆடி மாதச் சனிக்கிழமை. ஆடிக் கிருத்திகை நாளை மட்டும் தவிர்க்க வேண்டும். அன்று முருகன் கோயில்கள் இருக்கும் ரத்தினகிரி, வள்ளிமலைப் பக்கம் பஸ்ஸும் ஆளும் கிடைக்காது. ஆடியில் மாலை இடிமழை வருவது உண்டு, திறந்தவெளி வேண்டாம். "ஆடியில் நல்லது வாங்கலாமா" என்று தயங்கும் பெரியவர்கள் சிலர் உண்டு. சம்மதம் கேட்கும்போதே தேதியைச் சொல்லிவிட்டால் கடைசி நேரத்தில் சங்கடம் வராது. தேர்தல் அறிவிப்பு வரக்கூடிய காலமும் வேண்டாம். நடத்தை விதிகள் வந்துவிட்டால் அனுமதியும் சிக்கல், அதிகாரிகள் வருவதும் சிக்கல்.

காவல் நிலையத்தில் எழுத்து மூலம் விண்ணப்பத்தைப் பதினைந்து நாள் முன்பே கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒலிபெருக்கிக்கு அனுமதி தனியாகக் குறிப்பிட வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்திலிருந்து 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். வேலூர் நகரத்தில் மருத்துவமனை பக்கத்தில் இல்லாத மண்டபத்தைத் தேடுவதே ஒரு வேலை. மண்டபம் பார்க்கப் போகும்போது இதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

மேடையும் நேரமும்

ஒரு விருதுக்கு ஐந்து நிமிடம். வாசிப்பு ஒரு நிமிடம், இருக்கையிலிருந்து மேடைக்கு வர ஒரு நிமிடம், கொடுத்துப் படம் எடுக்க ஒரு நிமிடம், ஏற்புரை இரண்டு நிமிடம். எட்டு விருதுக்கு நாற்பது நிமிடம். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு மீதி நேரத்தில்தான் மற்றவர்கள் பேச வேண்டும். ஆறு மணிக்குத் தொடங்கி ஏழே முக்காலுக்கு முடிப்பது முடிகிற காரியம். வரவேற்புரை நான்கு நிமிடம், முதல் நான்கு விருது, நடுவில் பிள்ளைகளின் சிலம்பமோ பறையோ பன்னிரண்டு நிமிடம், சிறப்பு விருந்தினர் பத்து நிமிடம், மீதி நான்கு விருது, நன்றியுரை. வாழ்த்துரை என்ற பெயரில் ஆறு பேரை வரிசையாகப் போட்டால் எட்டரைக்கும் முதல் விருது வழங்கப்பட்டிருக்காது. ஏற்புரையை வெட்டுவதுதான் அப்போது முதலில் நடக்கும். யாருக்காக விழாவோ அவர் வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போவார். ஏற்புரையை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டுவதில்லை என்று தொகுப்பாளரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சிறப்பு விருந்தினர் வராவிட்டாலும் ஆறு மணிக்குத் தொடங்கும் என்று அழைக்கும்போதே பணிவாகச் சொல்லிவிட வேண்டும். முதல் நான்கு விருதுகளை வழங்க மாற்று ஆள் தயாராக இருக்கட்டும், முந்தைய ஆண்டு விருது பெற்றவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை.

தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பரிலிருந்து மாநிலப் பாடல். பாட 55 விநாடி. பாட்டுப் பெட்டியில் ஓட விடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்பதும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத் திறனாளிகளுக்கு விலக்கு என்பதும் அரசாணை. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேரை முன்பே பழக்கி வையுங்கள்.

குத்துவிளக்கு ஏற்றும் இடத்தில்தான் எத்தனை சங்கடம்! திரி காய்ந்திருக்கும், மேலே மின்விசிறி சுழலும், விருந்தினர் மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு நிற்பார். ஒரு மணி நேரம் முன்பே திரியை எண்ணெயில் ஊற வைத்து, நுனியில் கர்ப்பூரப் பொடி தடவி, ஏற்றும்போது அந்த ஒரு விசிறியை மட்டும் நிறுத்தினால் போதும். முதல் திரியை விருது பெறுபவர்களில் மூத்தவர் ஏற்றட்டும்.

மண்டப மேடைகள் பெரும்பாலும் மூன்றடி உயரம். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட வேண்டுமானால் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். மூன்றடிக்கு 36 அடி. மண்டபத்தில் அந்த இடம் இருக்காது. குறுகலாகப் பலகை போட்டு நாலு பேர் தூக்கி ஏற்றுவது அவரை அவமானப்படுத்துவது. ஒருவர் மேடையேற முடியாது என்றால் எட்டு விருதையும் கீழே, மேடைக்கு முன்னால் வைத்து வழங்குங்கள். அவருக்கு மட்டும் இறங்கி வந்ததாக இருக்காது. படிக்கட்டுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி கட்டச் சொல்ல வேண்டும், முழங்கால் வலி இல்லாத பெரியவர் யார்?

வரவேற்பு மேசையில் குங்குமம், சந்தனம், கற்கண்டு வைப்பது நம் வழக்கம். தட்டை நீட்டும் பிள்ளை கணவரை இழந்த பெண்ணைக் கண்டதும் கையைப் பின்னுக்கு இழுத்துவிடும், யாரும் சொல்லித் தராமலே. அதனால் தட்டை மேசையில் வைத்துவிட்டு, எடுத்துக்கொள்வதை வருபவர்களிடமே விடுங்கள். பெண்களுக்குத் துண்டைப் பெண்களே போர்த்தட்டும், அல்லது மடித்துக் கையில் கொடுக்கட்டும். முன் இரண்டு வரிசை விருது பெறுபவர்களின் குடும்பத்துக்கு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்து அழைப்பிதழ் கொடுத்தால் அரங்கம் தானாக நிரம்பும், அந்தக் கைத்தட்டலில் உயிர் இருக்கும்.

பரிசு மாறிப்போவது எல்லா விழாவிலும் நடக்கிறது. ஷீல்டு, பத்திரம், துண்டு, உறை நான்கையும் ஒரே தட்டில் வைத்து, தட்டுக்கு 1 முதல் 8 வரை ஸ்டிக்கர் ஒட்டி, அதே எண்ணை விருது பெறுபவரின் நாற்காலிப் பின்னாலும் ஒட்டுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு ஆள். மூன்றாம் விருது வாசிக்கும்போது நான்காமவரை ஒரு தன்னார்வலர் அழைத்துவந்து படிக்கட்டு ஓரம் உட்கார வைக்க வேண்டும். புகைப்படக்காரரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: படத்தில் நடுவில் இருக்க வேண்டியவர் விருது பெறுபவர், கொடுப்பவர் அல்ல.

மைக்குகளில் இரண்டு கார்ட்லெஸ், ஒன்று கம்பி வைத்தது. கார்ட்லெஸ் பேட்டரி போகும் நேரத்தில் அந்தக் கம்பி மைக் காப்பாற்றும். மண்டப ஜெனரேட்டர் எதற்கெல்லாம் இணைந்திருக்கிறது என்று மெயினை அணைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். ஏ.சி. இல்லாத மண்டபத்துக்கு விளக்கு, விசிறி, ஒலி எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 கே.வி.ஏ. திறனுள்ள ஜெனரேட்டர் போதும்.

சாப்பாடு, பயணம், பணம்

விழா முடிவதற்கு முன் பந்தி தொடங்கினால் அரங்கம் காலியாகும். ஐந்தரைக்கு வருபவர்களுக்குச் சுண்டலும் டீயும் கொடுத்துவிட்டு, சாப்பாட்டை எட்டு மணிக்கு வையுங்கள். நம் பக்கம் பிரியாணி இல்லாமல் விழா இல்லை. சீரக சம்பா ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ கறி போட்டால் ஏழெட்டுப் பேர் சாப்பிடலாம். 250 பேரில் 50 பேர் சைவம் என்றால் 30 கிலோ, பத்துப் பத்துக் கிலோவாக மூன்று தேக்சா (பெரிய பிரியாணிப் பாத்திரம்). ஏழு மணிக்கு மேல் தம் போட்டால் சூடாக இறங்கும். மதியமே செய்து கொண்டுவருவதாகச் சொல்பவர்களிடம் கொடுக்காதீர்கள், ஆடி வெக்கையில் கெட்டுப்போகும். சைவச் சமையல் வேறு அடுப்பில், வேறு கரண்டியில். ஹலால் கறிதானா என்பதை அழைப்பிலேயே தெரிவித்தால் முஸ்லிம் விருந்தினர்கள் தயங்காமல் உட்காருவார்கள். தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் பூசிய கப் எல்லாம் 2019 ஜனவரி முதல் மாநிலத்தில் தடை. எவர்சில்வர் டம்ளரும் வாழை இலையும் போதும்.

பீஞ்சமந்தை போன்ற மலை ஊர்களிலிருந்து வருபவர்களை இரவில் திருப்பி அனுப்பாதீர்கள். தங்க இடம் ஏற்பாடு செய்து, மறுநாள் காலை வண்டி. அன்று வேலைக்குப் போகாததால் போன கூலியையும் கணக்கில் எடுத்துப் பயணப் படியோடு சேர்த்துக் கொடுப்பது நியாயம்.

நன்கொடையாளர் பெயர் அழைப்பிதழில் வரலாம், விருதின் பெயராக வரக் கூடாது. அவர் குடும்பத்தில் யாருக்கும் மூன்று ஆண்டுகளுக்கு விருது இல்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள். சிலர் பின்வாங்குவார்கள், போகட்டும். அமைப்புக்கு நன்கொடைக்கான வரிவிலக்குப் பதிவு (80ஜி) இருந்தால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு வரிவிலக்கு கிடைக்காது என்பதையும் சொல்லி, வங்கி வழியாக வாங்குங்கள். வரவு செலவை ஒரு மாதத்துக்குள் ஒரே தாளில் எழுதி நூலகத்தில் ஒட்டினால் மறு ஆண்டு வசூல் எளிது.

விழாவுக்குப் பிறகு

இரண்டு வாரத்துக்குள் 8x12 அளவில் இரண்டு படம் அச்சிட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். வாட்ஸ்அப் படம் போன் மாறினால் போய்விடும்.

சரிபார்த்துச் சேர்த்த சான்றுகளை மூட்டை கட்டிப் பரணில் போட வேண்டாம். அவை அடுத்த படிக்கு உதவும். மாவட்டக் கலை மன்றம் வயது வாரியாக விருது தருகிறது: 18 வயது வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலை சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. கூத்து வாத்தியார்கள் பலருக்கு விண்ணப்பம் போடவே ஆள் இல்லை. நாம் போடலாம். பெண்களுக்கான ஔவையார் விருது, வீரச் செயலுக்கான கல்பனா சாவ்லா விருது, அண்ணா பதக்கம் போன்ற மாநில விருதுகளுக்கும் இதே சான்றுகள்தான் வேண்டும். பத்ம விருதுக்கு யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம். இணையத்தில் 800 சொற்களுக்குள் பணியை விவரிக்க வேண்டும். கடைசி நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நம் 110 சொல் பாராட்டுரையும் சரிபார்ப்புக் குறிப்புகளும் இருந்தால் அந்த 800 சொற்களை ஒரே மாலையில் எழுதிவிடலாம்.

தேர்வாகாத பரிந்துரைகளை அனுப்பியவர்களுக்குத் தொலைபேசியில் நன்றி சொல்லி, படிவம் அடுத்த ஆண்டுக்கும் உயிரோடு இருக்கும் என்று தெரிவியுங்கள். புதிதாக ஏதாவது நடந்திருந்தால் சேர்த்து எழுதி அனுப்பச் சொல்லலாம். இந்த அழைப்புகளைப் பிரித்துக்கொண்டால் மூன்று பேர் ஒரு வாரத்தில் முடித்துவிடுவார்கள்.